லைசென்ஸ் வேறு, உத்தியோகம் வேறு

எங்கள் தெருக்காரர் ஒருவர் தன் தம்பி மகனுக்காக வந்து கேட்டார்: “அண்ணாச்சி, பைலட் லைசென்ஸ் எடுத்துட்டா வேலை தன்னால வந்துருமா? அம்பது அறுவது லட்சம் ஆகும்ங்கிறாங்க. வேலை நிச்சயம்னா கரிசக்காட்ட வித்துருவோம்.”

ஏழாயிரம்பண்ணையில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அதைவிட்டால் சாத்தூர், கோவில்பட்டி பஸ் என்று இருந்த ஊர். இன்று பிள்ளைகள் வானத்தைப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் காட்டை விற்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி உண்டு. விமானி உரிமத்தைத் தருவது அரசாங்கம். வேலையைத் தருவது கம்பெனி. இரண்டும் வேறு வேறு வாசல்கள். ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் அரசு பஸ் டிரைவர் ஆகிவிடுவதில்லை அல்லவா, அதே கதைதான். முதல் வாசலுக்கு உள்ள விதிகள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. இரண்டாவது வாசலுக்கு என்ன கேட்பார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தின் கதையை எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன். நான் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். விமானத்தோடு எனக்குள்ள உறவு வாசிப்பு மட்டுமே.

இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம், 1 என்ற எண்ணோடு, 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டாவுக்குக் கிடைத்தது. இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவர் பாரிஸில் பிறந்தவர், தாயார் சூசான் பிரியேர் பிரெஞ்சுக்காரி, அவருக்கு முதலில் வந்த மொழி பிரெஞ்சு என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. ஆர்தெலோ என்ற கடற்கரையூரில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. 1909-இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவின் வீடும் அதே ஊரில்தான். சிறுவன் டாட்டாவுக்கு விமானப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். பிரெஞ்சுக்காரர்கள் விமானி உரிமத்தை ‘ப்ரெவே’ என்பார்கள். பள்ளிப் படிப்பு முடித்ததற்குக் கொடுக்கிற சான்றிதழுக்கும் அதே பெயர்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ப்ரெவே என்றால் பரீட்சை பாஸ், அவ்வளவுதான். வேலை என்ற அர்த்தம் அதில் கிடையாது.

அந்தக் காலத்து ஃப்ளையிங் கிளப்புகள் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கிடம். பம்பாய், டெல்லி, கல்கத்தா, கராச்சி என்று ஆரம்பித்து, சென்னையிலும் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் அந்த ஆண்டுகளிலேயே எழுந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள், மில் முதலாளிகள், ஜமீன் வீட்டுப் பிள்ளைகள், அபூர்வமாக நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் அங்கே பறக்கப் பழகினார்கள். ‘ஏ’ லைசென்ஸ் எடுத்தால் சொந்தத்துக்குப் பறக்கலாம். ‘பி’ லைசென்ஸ் எடுத்தால் கூலிக்குப் பறக்கலாம். கூலி கொடுக்கத்தான் ஆள் இல்லை! விமானக் கம்பெனி என்று ஒன்று நாட்டில் இருந்தால்தானே?

1930-இல் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து முடிக்கிற முதல் இந்தியருக்கு 500 பவுண்டு. மூன்று பேர் போட்டியிட்டார்கள்: மன்மோகன் சிங், ஆஸ்பி எஞ்சினியர், டாட்டா. ஆஸ்பிக்கு அப்போது பதினேழு வயது. அவர் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருக்கிறார், டாட்டா கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் போகிறார். எகிப்தில் அபூகீர் என்ற இடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். ஆஸ்பியிடம் மாற்று ஸ்பார்க் பிளக் இல்லை, தரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். டாட்டா தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. இத்தனை பெரிய காரியத்தைச் செய்த பையனுக்கு அந்த நாளில் இந்த நாட்டில் விமானக் கம்பெனி வேலை என்று ஒன்று இல்லை. அவர் விமானப் படையில் சேர்ந்தார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் விமானப் படைக்கே தலைவரானார்.

வேலை பிறந்தது 1932 அக்டோபர் 15-இல். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்து கராச்சியில் இறக்கிய தபாலை, டாட்டா ஒரு சின்ன ‘புஸ் மாத்’ விமானத்தில் ஏற்றி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹூவில் இறக்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற ஆங்கிலேயர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் கம்பெனிக்கு விமானிகளே மூன்று பேர்தான்: முதலாளி டாட்டா, கூட்டாளி வின்சென்ட், ஹோமி பரூச்சா. ஆக, சம்பளத்துக்கு வைத்த ஆள் என்று பார்த்தால் ஒருவர். உட்கார ஒற்றை எஞ்சின் விமானம், வழிகாட்ட வானொலி கிடையாது, ஜூஹூ ஓடுதளம் மழைக்காலத்தில் சேறாகிவிடும். தபால் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கம்பெனியின் தேவை. வித்தை காட்டுகிறவன் அதற்கு வேண்டாம், தினசரி ஒரே வழியில் சலிக்காமல் போய்வருகிறவன் வேண்டும்.

இந்த வித்தியாசத்தை முதலில் கண்டுகொண்டு, புதிதாக உரிமம் வாங்கி வருகிறவர்களை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு முறையையே வகுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் திதியே தோரா. முதல் உலகப் போர் முடிந்தபின் பிரான்சின் துளூஸ் நகரிலிருந்து ஸ்பெயின், மொராக்கோ வழியாக ஆப்பிரிக்காவின் டாக்கார் வரை தபால் விமானம் விட்ட லத்தேகோயேர் கம்பெனிக்கு அவர்தான் மேலாளர். 1924-இல் அவரிடம் ழான் மெர்மோஸ் என்ற இளைஞர் வேலை கேட்டு வந்தார். ராணுவத்தில் சிரியாவில் சுமார் 600 மணி நேரம் பறந்தவர். வேலையில்லாமல் பாரிஸில் பட்டினி கிடந்தவர். தோரா அவரை விமானத்துக்குப் பக்கத்திலேயே விடவில்லை. பட்டறைக்கு அனுப்பினார். எஞ்சின் சிலிண்டர்களைக் காரத்தண்ணீரில் முக்கிக் கழுவுகிற வேலை. வாரக்கணக்கில் அது நடந்தபின் ஒருநாள் சோதனைப் பறப்பு. மெர்மோஸ் தன் திறமையெல்லாம் தெரியட்டும் என்று வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டிவிட்டு இறங்கினார். தோரா, சர்க்கஸ் ஆள் எனக்கு வேண்டாம், வேண்டுமானால் வேறு இடம் பாரும் என்று சொல்லிவிட்டார். கோபத்தில் பெட்டியைக் கட்டப் போனவரைத் திரும்பக் கூப்பிட்டு, ஒழுங்காக ஏறி, ஒழுங்காக வட்டமடித்து, ஒழுங்காக இறங்கச் சொல்லி, அதன்பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அந்த மெர்மோஸ் பிற்பாடு தென் அட்லாண்டிக் கடலைத் தபாலோடு தாண்டியவர், பிரான்சில் தெருக்களுக்கெல்லாம் அவர் பெயர்.

இரண்டு வருஷம் கழித்து, 1926-இல், செந்த்-எக்சுபெரி அதே வாசலில் வந்து நின்றார். குட்டி இளவரசன் கதை எழுதியவர் என்றால் நம்மவர்களுக்கும் தெரியும். அவருக்கும் முதலில் பட்டறைதான். பிரபு வம்சம் என்பதற்காக ஒரு சலுகையும் இல்லை. முதன்முதலாகத் தபாலோடு புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, அனுபவசாலியான தன் நண்பர் கியோமேயிடம் போய் ஸ்பெயின் நாட்டு வரைபடத்தை விரித்துவைத்துப் பாடம் கேட்கிறார். கியோமே மலையையும் நதியையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வயலோரத்தில் நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்களைச் சொல்கிறார். அவசரமாக இறங்கினால் அதில் மோதக்கூடாது. புல்லுக்குள் ஒளிந்து ஓடுகிற ஒரு வாய்க்காலைச் சொல்கிறார். திடீரென்று சக்கரத்துக்குக் குறுக்கே வரக்கூடிய ஆட்டு மந்தையைச் சொல்கிறார். 1939-இல் வந்த ‘மனிதர்களின் பூமி’ நூலின் தொடக்கத்தில் இதையெல்லாம் அவர் எழுதியிருக்கிறார். பள்ளியில் அந்தப் பாடத்தை வாசித்தபோது எனக்கு ஆட்டு மந்தை மட்டும்தான் மனதில் நின்றது. இப்போது வாசித்தால் வேறொன்று தெரிகிறது. உரிமம் கையில் இருக்கிறவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு என்று அந்தக் காலத்தில் இருந்தது. அந்தப் பயிற்சிக்கு விமானி பணம் கட்டவில்லை. கம்பெனிதான் அவனுக்குச் சம்பளம் கொடுத்தது.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கர்கள் விட்டுப்போன டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. ராணுவத்திலிருந்து வெளியே வந்த விமானிகளும் ஏராளம். 1946-க்குப் பிறகு ஆளாளுக்கு விமானக் கம்பெனி ஆரம்பித்தார்கள்: டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா, ஏர்வேஸ் இந்தியா என்று. டக்கோட்டாவில் இரண்டு ஆசனம். இடப்பக்கம் கேப்டன், வலப்பக்கம் துணை விமானி. புதிதாக வருகிறவனுக்கு என்று ஓர் இடம் அப்போதுதான் இந்தியாவில் நிலையாக உண்டாயிற்று. புஸ் மாத்தில் ஏறினவன் முதல் நாளே தனி ஆள். டக்கோட்டாவில் பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பார், பார்த்துப் பழகலாம். இன்றுவரை புது விமானி போய் உட்காருவது அந்த வலப்பக்க ஆசனத்தில்தான்.

அந்த ஆசனத்துக்கு யார் வரலாம்? உரிம விதிகளில் ஆண் பெண் என்ற பேதம் இல்லை. இரண்டாவது வாசலில் இருந்தது.

லாகூரில் சரளா என்ற இளம்பெண் 1936-இல், இருபத்தொரு வயதில், சேலை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறித் தனியாகப் பறந்தார். ‘ஏ’ லைசென்ஸ் எடுத்து ஆயிரம் மணி நேரம் பறந்தார். கணவர் பி.டி. சர்மா தபால் விமானி. 1939-இல் விபத்தில் இறந்தார். சரளா தொழில்முறை உரிமம் எடுக்கலாம் என்று ஜோத்பூருக்குப் போனார். போர் வந்தது, பொதுமக்களுக்கான விமானப் பயிற்சி நின்றது, அவர் ஓவியம் படிக்கப் போய்விட்டார். சரளா துக்ரால் என்று பின்னாளில் அறியப்பட்டவர் இவரே.

பிரேம் மாத்தூரின் கதைதான் நம் விஷயத்துக்கு நேராக வருவது. அலகாபாத் ஃப்ளையிங் கிளப்பில் பழகி, 1947-இல் தொழில்முறை உரிமம் வாங்கினார். வேலைக்கு விண்ணப்பித்தார். எட்டு விமானக் கம்பெனிகள் இல்லை என்றன. 1949-இல் தேசிய விமானப் பந்தயத்தில் ஆண்களோடு போட்டியிட்டு ஜெயித்தார். கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. இந்திரா காந்தியும் லால் பகதூர் சாஸ்திரியும் அவர் ஓட்டிய விமானங்களில் போயிருக்கிறார்கள். ஆனால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றச் சொன்னபோது, பெண் கேப்டன் என்றால் பயணிகள் பயப்படுவார்கள் என்று பதில் வந்தது. அவர் அங்கிருந்து விலகி, பிர்லாவின் சொந்த விமானத்தை ஓட்டப் போனார். இதில் எனக்கு வேடிக்கை என்னவென்றால், பயணிகளில் எத்தனை பேர் கேப்டன் முகத்தைப் பார்க்கிறார்கள்? சாத்தூர் பஸ்ஸிலாவது டிரைவர் முகம் தெரியும்.

நம் பக்கத்தில் உஷா சுந்தரம். பெங்களூர் ஜக்கூரில் தொடங்கிய அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறி வெளிவந்தவர். கணவர் கேப்டன் வி. சுந்தரமும் விமானி. 1950-இல் சென்னை அரசு தனக்கென்று ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானம் வாங்கியது. அதைத் தம்பதி இருவருமாக இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது ஒரு சாதனை. கப்பலில் வர வாரக்கணக்காகும்.

1953-இல் நாடாளுமன்றம் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் இயற்றியது. அந்த ஆகஸ்ட் 1 முதல் உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, இரண்டே இரண்டு. விமானி வேலை என்பது ஏறக்குறைய சர்க்கார் வேலை ஆயிற்று. விளம்பரம் வரும், விண்ணப்பம் போட வேண்டும், எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவம், பிறகு காத்திருப்பு. எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் பழகிய பாதைதான். சேர்ந்துவிட்டால் சீனியாரிட்டி, பென்ஷன் எல்லாம் உண்டு. டக்கோட்டாவிலிருந்து ஃபாக்கர், வைக்கவுண்ட், ஆவ்ரோ, போயிங் என்று எந்தப் புது விமானம் வந்தாலும் அதற்கான பயிற்சியைக் கார்ப்பரேஷனே கொடுத்தது. ஃப்ளையிங் கிளப்புகளுக்கும் அரசு மானியம் இருந்தது, அதனால் பெரும் பணக்காரராக இல்லாத வீட்டுப் பையனும் முயன்றால் மணிக்கணக்கைச் சேர்த்துவிடலாம். குறை என்னவென்றால், கம்பெனி இரண்டுதான். விளம்பரம் வராத வருஷங்களில் லைசென்ஸை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

அந்த நாளிலும் பெண்களுக்கு அந்த வாசல் லேசாகத் திறக்கவில்லை. துர்பா பானர்ஜி ஏர் சர்வே கம்பெனியில் டக்கோட்டா ஓட்டிக்கொண்டிருந்தவர். விமானி வேலை கேட்டபோது, அப்போதைய விமானத்துறை அமைச்சர் ஹுமாயூன் கபீர், பணிப்பெண் வேலை தரலாம் என்றதாகவும், அம்மையார் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். 1966-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் அவரை விமானியாகவே எடுத்தது. 1985-இல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் போன ஃபாக்கர் விமானத்தில் கேப்டன் சௌதாமினி தேஷ்முக், துணை விமானி நிவேதிதா பசின், இருவரும் பெண்கள். பிரேம் மாத்தூர் கேட்ட இடப்பக்க ஆசனத்துக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. இன்று விமானிகளில் பெண்களின் விகிதம் உலக சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உள்ள நாடு இந்தியா. இதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

1980-களின் நடுவில் உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலிக்குப் பக்கத்தில் ஃபுர்சத்கஞ்ச் என்ற இடத்தில் மத்திய அரசு ஒரு விமானப் பயிற்சி அகாடமி தொடங்கியது. 1990-களின் நடுப்பகுதி வரை தொழில்முறை உரிமத்துக்குப் பத்தாவது தேறியிருந்தால் போதும். அதன் பிறகுதான் பிளஸ் டூவில் பௌதிகமும் கணிதமும் கட்டாயம் என்று ஆக்கினார்கள். ஆர்ட்ஸ், காமர்ஸ் படித்தவர்களுக்கும் திறந்துவிடலாமா என்று அண்மையில் மறுபடி ஆலோசனை நடக்கிறது.

1994-இல் பழைய சட்டம் ரத்தாகித் தனியார் விமானங்கள் முறையாக வந்தன. 2003-இல் ஏர் டெக்கான், 2005-இல் கிங்ஃபிஷர், 2006-இல் இண்டிகோ. விமானம் வாங்குகிற வேகத்துக்கு விமானிகள் கிடைக்கவில்லை. வெளிநாட்டு கேப்டன்களை வரவழைத்தார்கள். இதைப் பார்த்துவிட்டு நாடு முழுதும் அப்பாக்கள் நிலத்தை அடகுவைத்துப் பிள்ளைகளை ஃப்ளோரிடாவுக்கும் மணிலாவுக்கும் அனுப்பினார்கள். உரிமத்தோடு அவர்கள் திரும்பி வந்தபோது 2008 வந்திருந்தது. உலகமெங்கும் பொருளாதார மந்தம். கம்பெனிகள் கதவை மூடிக்கொண்டன. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உரிமத்தோடு காத்திருந்தார்கள். சிலர் கால் சென்டருக்குப் போனார்கள். 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது, அனுபவமுள்ள விமானிகளும் அதே வரிசையில் வந்து நின்றார்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது மறுபடியும் அதே கதை. இதில் இன்னொரு சிக்கல். பி.ஏ. பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் அது பி.ஏ.தான். விமானி உரிமம் அப்படியல்ல. மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும், கைப்பழக்கம் போகாமல் அவ்வப்போது பறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு. வேலையில்லாத நாளில்தான் அந்தச் செலவு கூடுதலாக உறைக்கும்.

சரி, இன்று என்ன கேட்கிறார்கள்? முதல் வாசல்: பதினெட்டு வயது, பிளஸ் டூவில் பௌதிகமும் கணிதமும், டி.ஜி.சி.ஏ. நடத்துகிற தேர்வுகளில் ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு எழுபது, வானொலித் தொடர்புக்குத் தனி உரிமம், மொத்தம் 200 மணி நேரப் பறப்பு. அந்த 200-க்குள் 100 மணி நேரம் தானே பொறுப்பாளராகப் பறந்திருக்க வேண்டும், இரவுப் பறப்பு வேண்டும், நெடுந்தூரப் பயணம் வேண்டும். கம்பெனிக்குப் போக வேண்டுமென்றால் இரட்டை எஞ்சின் தகுதியும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் கூடவே இருக்க வேண்டும். தேர்வுத் தாள்களில் ஆகாய வழிகாட்டல், வானிலை, விதிமுறைகள் என்று இருக்கும். பையன் சூட்டிகையாக இருந்தால் தாண்டிவிடலாம்.

மருத்துவச் சோதனைதான் பலரை எதிர்பாராமல் தடுப்பது. முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு என்று இரண்டு படி. கண்ணாடி போட்டிருந்தால் பாதகமில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருக்க வேண்டும். நிறம் பிரித்தறிவது மட்டும் பிறவியிலேயே வர வேண்டும். இஷிஹாரா என்ற ஜப்பானிய டாக்டர் 1917-இல் போட்ட புள்ளிப் படங்களை இன்றும் காட்டுகிறார்கள். சிவப்பும் பச்சையும் கலந்த புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரான்சியம் போட்டால் சிவப்பு, பேரியம் போட்டால் பச்சை என்று வாணத்தின் நிறத்தைத் தரம் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (பேரியத்துக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது வேறு கதை.) ஆண்களில் நூற்றில் சிலருக்குச் சிவப்பு பச்சைக் குழப்பம் இருக்கும். பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. ஓடுதள விளக்குகளும் எச்சரிக்கை விளக்குகளும் நிறத்தால் பேசுபவை என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது வாசலில் கம்பெனி மறுபடி ஒரு தேர்வு வைக்கிறது. எழுத்துத் தேர்வு, கணிப்பொறி முன் உட்காரவைத்துக் கைக்கும் கண்ணுக்கும் கவனத்துக்கும் சோதனை, மனோதத்துவக் கேள்விகள், நேர்முகம், பல சமயம் சிமுலேட்டரில் ஒரு பரீட்சை. அதன் பிறகு டைப் ரேட்டிங். ஏர்பஸ் 320 ஓட்ட வேண்டுமென்றால் அந்த விமானத்துக்கென்றே பயிற்சி, அந்த விமானத்துக்கென்றே உரிமக் குறிப்பு. ஒரு காலத்தில் கார்ப்பரேஷன் தன் செலவில் கொடுத்த பயிற்சி இது. இன்று பெரும்பாலும் பிள்ளை வீட்டார் தலையில் விழுகிறது, அதுவும் லட்சக்கணக்கில். கம்பெனிகளே நடத்தும் கேடட் திட்டங்கள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளையைத் தேர்ந்தெடுத்து வலப்பக்க ஆசனம் வரை கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடும், சிலவற்றில் தாண்டும். அதிலும், பயிற்சியில் தேறினால் வேலை என்ற நிபந்தனை, கம்பெனியின் அப்போதைய தேவையைப் பொறுத்து என்ற வாசகம் எல்லாம் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கோப்பு படித்த பழக்கத்தில் சொல்கிறேன், அந்தப் பொடி எழுத்தை முதலில் படிக்க வேண்டும்.

வெறும் 200 மணி நேரம் பறந்தவனை 180 பேர் உட்காரும் விமானத்தில் ஏற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஏற்ற மாட்டார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே சட்டம் வந்தது: 2013 முதல் துணை விமானிக்கே பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும், ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் கல்லூரியில் விமானவியல் படித்தவர்களுக்கும் கொஞ்சம் சலுகை. ஆனால் விழுந்த விமானத்தின் கேப்டனுக்கு 3300 மணி நேரத்துக்கும் மேல் அனுபவம், துணை விமானிக்கு 2200-க்கும் மேல். இருவருமே புதுச் சட்டத்தின் அளவைத் தாண்டியவர்கள். விமானம் வேகம் இழந்து துவண்டபோது மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகத் தூக்கியதுதான் கோளாறு. தூக்கமின்மையும் பேசப்பட்டது. ஐரோப்பாவும் இந்தியாவும் மணிக்கணக்கை உயர்த்தாமல் பயிற்சியை நம்புகின்றன. எனக்கு இவர்கள் வழிதான் சரி என்று படுகிறது. அமெரிக்கப் பையன் அந்த 1500-ஐச் சேர்க்கப் பெரும்பாலும் சின்ன விமானத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வட்டமடிக்கிறான். ஆனாலும் அவனுக்குச் சம்பளம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே பயிற்சியாளர் வேலைக்கும் போட்டிதான்.

பணம் பற்றிப் பேசும்போது மறுபடியும் துளூஸ் நினைவுக்கு வருகிறது. தோரா சிலிண்டர் கழுவச் சொன்ன அதே நகரில் இன்று பிரான்சின் தேசிய விமானக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாணவ விமானிகளைப் போட்டித் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கணிதம், பௌதிகம், ஆங்கிலம். தேறினவர்களுக்குப் பயிற்சிச் செலவு அரசுடையது. இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் ரொட்டிக் கடைக்காரர் மகனும் தேர்வு எழுதலாம். நம் ஃபுர்சத்கஞ்ச் அகாடமியிலும் நுழைவுத் தேர்வு உண்டு, தரமும் நல்ல தரம், ஆனால் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு காலத்தில் பெண் என்று நிறுத்திய வாசல் இன்று எல்லோரையும் பணத்தால் நிறுத்துகிறது. இதை வளர்ச்சி என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வழி இருக்கிறது, அது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியவில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில் டாக்டர், எஞ்சினியர் படிப்புகளோடு தொழில்முறை விமானி உரிமப் படிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வருமான வரம்பு உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள், வாய் வார்த்தையாகக் கேட்டால் ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்ற பதில் வரக்கூடும். மற்றவர்களுக்கு வங்கிக் கல்விக் கடன்தான்; அதற்கு ஈடு கேட்பார்கள், ஈடு என்றால் மறுபடியும் அந்தக் கரிசக்காடுதான்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளம் இருப்பது நம்மவர்களுக்குத் தெரியும். அங்கே விமானிப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ சில ஆண்டுகளாக முயன்று வருகிறது. வந்தால் பையன்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பழகலாம், தங்குகிற செலவாவது மிஞ்சும். மணிக்கு ஆகும் பெட்ரோல் செலவு எங்கே பறந்தாலும் ஒன்றுதான்.

தெருக்காரரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. காட்டுக்கு விலை பேசுவதற்கு முன், சில ஆயிரம் ரூபாய் செலவில் பையனுக்கு அந்த இரண்டு மருத்துவச் சோதனைகளையும் முடித்துவிடுங்கள். இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் பயிற்சியில் சேர்கிறவர்கள் உண்டு. பாதிப் பணம் கட்டினபின் முதல் வகுப்பில் நிறக்குருடு என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டர்கள் யார் யார் என்ற பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பையனே பார்த்துக்கொள்வான்.